அடங்கலில் நெல்

என் ஆடிட்டர் சங்கரநாராயணன் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிடுவார். அதன்பிறகு எதிரில் இருப்பவர் எவ்வளவு நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தாலும் அவருக்கு ஒன்றுமில்லை. தாம்பரத்தில் எத்தனையோ ஆடிட்டர்கள் இருக்க, நான் அவரிடமே போய்க்கொண்டிருந்தது அதற்காகத்தான். பேச்சுக்கு நடுவில் எனக்கு யோசிக்க வராது.

அந்த ஆடி மாதம் நான் போனது, சேரப்பணஞ்சேரிக்கு அந்தப் பக்கம் எனக்கிருந்த ஒன்றரை ஏக்கரை விற்பதைப் பற்றிப் பேச. வங்கியில் விருப்ப ஓய்வு எடுத்தபோது வந்த பணம் முழுவதையும் அதில் போட்டிருந்தேன். தொழிற்சாலைக்கு எதிரே வாங்கக் கூடாது, அதற்குப் பின்னால் வாங்க வேண்டும். முதல் மதில் சுவர் எழுந்ததும் விற்றுவிட்டு, இன்னும் சாலை வராத இடத்துக்கு நகர்ந்துவிட வேண்டும். இதுதான் என் கணக்கு. இதைச் சொன்னபோது கூட வேலை பார்த்தவர்கள் சிரித்தார்கள். இப்போது மதில் சுவர் எழுந்துவிட்டது.

"கிடங்கு கட்ட ஒருத்தர் கேக்கறார் சார். தை முடியறதுக்குள்ள பத்திரம்னு பேச்சு."

"நல்ல விலைதான் சந்திரலேகா. ஆனா லாபத்துல அஞ்சுல ஒரு பங்கு வரிக்குப் போயிடும்."

"குறைக்க வழியில்லையா?"

"வீடு வாங்குங்க, விலக்கு கிடைக்கும். வேண்டாம்னா ஆறு மாசத்துக்குள்ள பாண்டுல போடுங்க. மூணு வருஷத்துக்குத் தொட முடியாது."

"ரெண்டும் ஆகாது. பணம் முழுசா கையில வேணும்."

வாலாஜாபாத் சாலைக்கு உட்புறம் ஒரு நிலத்துக்கு ஏற்கெனவே முன்பணம் கொடுத்திருந்தேன். மீதியைத் தை முடிவதற்குள் கட்ட வேண்டும். ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் அந்த நிலமும் போகும், முன்பணமும் போகும். சம்பளம் இல்லாத எனக்கு அதற்குமேல் நகர இடமில்லை.

அவர் சற்று யோசித்தார். "நகராட்சி எல்லையிலேர்ந்து எட்டு கிலோமீட்டருக்கு வெளியில இருக்குற விவசாய நிலம்னா, சட்டப்படி அது மூலதனச் சொத்தே கிடையாது. வரி என்கிற பேச்சே இல்லை. தூரம் உங்களுக்குச் சரியா இருக்கு. பட்டாவுலயும் நஞ்சைன்னு இருக்கு. ஆனா நஞ்சைன்னு பேர் இருந்தா மட்டும் போதாது. விக்கிற காலத்துல அங்க விவசாயம் நடந்திருக்கணும். அடங்கல்ல பயிர் ஏறியிருக்கணும். என்ன போட்டிருக்கீங்க?"

"சீமைக்கருவேலம்," என்றேன்.

கழற்றி வைத்திருந்த கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

எந்த வயலில் என்ன பயிர் நிற்கிறது என்று கிராம நிர்வாக அலுவலர் நேரில் பார்த்து எழுதும் கணக்குதான் அடங்கல். அந்த ஊர் அலுவலர் எழிலரசி வேலைக்குப் புதிது. என்னை அவரிடம் அழைத்துப்போனவர் தரகர் கண்ணப்பன். எனக்கு அந்த நிலத்தை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான், இப்போது விற்றுக் கொடுப்பவரும் அவர்தான். நூறு சதுர அடி இடம் கிடைத்தாலும் நாலு கல் நட்டுக் கொடி கட்டிவிடுவார். பேச்சு மட்டும் ஓயாது.

"ஒரே ஒரு வரி எழுதணும், அவ்ளோதாம்மா," என்றார் எழிலரசியிடம். "நெல்னு போட்டா ரெண்டே எழுத்துதான்."

"பயிர் நின்னா எழுதறேன். நிக்கலைன்னா தரிசுன்னு எழுதுவேன்."

"முள்ளும் பச்சையாத்தானே கீது."

எழிலரசி அவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "மேடம், நீங்க பயிர் வையுங்க. நான் வந்து பார்க்கறேன். உங்க வயலைப் பார்க்க நான் எத்தனை தடவை வேணும்னாலும் வருவேன். பார்க்காம எழுத ஒரு தடவைகூட முடியாது."

வெளியே வந்ததும் கண்ணப்பன் முணுமுணுத்தார். "இந்தக் காலத்துல நெல்லு நட எங்க ஆள் கீது மேடம்? நாத்து நடுற பொம்பளைங்கல்லாம் செல்போன் கம்பெனி பஸ்ல போய்கினு கீறாங்க."

ஆள் நிலத்தின் விளிம்பிலேயே இருந்தது. என் வேலியை ஒட்டி ஒரு லைன் வீடு. வரிசையாக அறைகள், அறைக்கு நாலைந்து பேர். எல்லாரும் தெற்கேயிருந்து வந்து ஒப்பந்தத்தில் வேலை பார்ப்பவர்கள். முள்ளைப் பிடுங்க இயந்திரம் வந்து நின்ற அன்று, கார் உதிரிபாகக் கம்பெனியின் சாம்பல்நிறச் சட்டையோடு ஒருவன் வந்து பக்கத்தில் நின்றான். பெயர் இசக்கி. அம்பாசமுத்திரம் பக்கம்.

"பிளாட்டு போடுதியளாக்கா?"

"இல்ல. நெல் போடணும்."

அவன் இயந்திரத்தைப் பார்த்தான், என் காலிலிருந்த செருப்பைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். நான் வரிக் கணக்கைச் சுருக்கமாகச் சொன்னேன். விளைவது எனக்கு வேண்டாம், பயிர் நின்றால் போதும் என்றேன்.

"நெல்லு வேண்டாம், பயிரு மட்டும் போதும்," என்று திருப்பிச் சொல்லிப் பார்த்தான். சத்தமாகச் சிரித்தான். "இப்படிப் பயிர் வைக்குத ஒரு சம்சாரிய எங்க ஊர்ல யாரும் பாத்திருக்க மாட்டாவ. நாங்க பாத்துக்கிடுதோம்க்கா. எங்க ரூம்ல எல்லாவனும் வயக்காட்டுப் பயதான். ஷிப்டு முடிஞ்சு தூங்கித் தூங்கி முதுகு வலிக்கி. விளைஞ்ச நெல்ல எங்களுக்குத் தந்துருங்க, என்ன?"

லைன் வீட்டு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில், துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில், பாய் பாயாக நாற்றங்கால் போட்டார்கள். புரட்டாசியின் கடைசியில்தான் விதைத்தார்கள். ஐப்பசி மழை இறங்கிய பிறகு நடவு. நான் பேருந்திலிருந்து இறங்கி நடந்து வந்தபோது, கம்பெனிச் சட்டையைக் கழற்றி வேலியில் தொங்கவிட்டுவிட்டு வரிசையாகக் குனிந்து நின்றுகொண்டிருந்தார்கள். சட்டைகளின் முதுகில் கம்பெனி பெயர் நனைந்துகொண்டிருந்தது.

"லே, கோடு கோணுது. உங்க லைன் சூப்பர்வைசர் பாத்தா ரிஜெக்டு பண்ணிருவான்," என்று ஒருவன் கத்தினான்.

"ஓவர்டைம் போட்டு நிமித்திருவோம்லே," என்றான் இசக்கி.

அந்த நிலத்தை எனக்கு நன்றாகத் தெரியும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். சாலை முகப்பு எத்தனை அடி, வழிகாட்டி மதிப்பு எவ்வளவு, வில்லங்கச் சான்றில் எத்தனை பெயர், வரைபடத்தில் எந்த மூலை கூர்மை, எல்லாம் மனப்பாடம். ஆனால் அது தாழ்ந்திருக்கிறது என்பதும், தண்ணீர் நின்றால் தரை முழுவதும் ஒரே மட்டமாக வானத்தைக் காட்டும் என்பதும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. எவரோ எப்போதோ இதை இவ்வளவு துல்லியமாகச் சமன்படுத்தி வைத்திருக்கிறார்கள். ஐந்து வருடம் முள்ளுக்கடியில் கிடந்தும் அந்த மட்டம் கலையவில்லை. நான் வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். கடைசிப் பேருந்து நேரம் வரும்வரை எழுந்திருக்க மனம் வரவில்லை.

அந்த வருட மழை யாருக்கும் மறக்காது. ஊர் ஏரி கரை தட்டி நின்றது. வாரம் ஒருமுறை வந்துபோனேன். வரும்போதெல்லாம் பயிர் வேறு நிறத்தில் இருந்தது. ஒருமுறை எழிலரசியும் வந்து பார்த்துவிட்டு, "கதிர் வரட்டும் மேடம், அப்ப எழுதறேன்," என்று போனார்.

மார்கழி பிறந்ததும் மழை நின்றது. மேகம் எங்கே போனது என்று தெரியாதபடி வானம் துடைத்துப்போட்டாற்போல் ஆனது. அந்த மாதப் பாதியில் நான் போனபோது தரை வெடிக்கத் தொடங்கியிருந்தது. கதிர் வெளியே வந்திருந்தது. ஆனால் இலை நுனிகள் பழுத்திருந்தன. இசக்கி வரப்பில் குந்தியிருந்தான். என்னைப் பார்த்து எழவில்லை.

ஒரு நெல்மணியைப் பிடுங்கி நகத்தால் நசுக்கிக் காட்டினான். உள்ளே ஒன்றுமில்லை.

"பால் பிடிக்கணும்க்கா இப்போ. தண்ணி இல்லாட்டா அம்புட்டும் பதராப் போயிரும்." கொஞ்சநேரம் தரையைப் பார்த்தான். "எம்மேலதான் தப்பு. எங்க ஊர்ல பிசானச் சாகுபடிக்கு ஐப்பசியிலதான் நடுவோம். பங்குனி வரைக்கும் ஆத்துல தண்ணி வரும். ஆறு நிக்கும்னு நான் யோசிச்சதே இல்ல. இங்கன ஆறே கெடையாதுங்கது மண்டையில ஏறாமப் போச்சு."

"லைன் வீட்டு போர்ல இருந்து விட முடியாதா?"

"அது குளிக்கவே காணாதுக்கா."

பதராய் நிற்கும் தாளைப் பயிர் என்று எழிலரசி எழுதமாட்டார். அதை நான் கேட்கவும் மாட்டேன். அங்கிருந்தே கண்ணப்பனுக்கு போன் செய்தேன். மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கியவர், வயலை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு இசக்கியிடம் போனார்.

"இன்னாபா, பஸ் ஏறி வந்தவன் உங்கூர் காலண்டரையும் மடிச்சு எடுத்துகினு வந்துட்டியா? இங்க ஆவணியிலேயே நட்டிருக்கணும்."

"நடும்போது சொல்லியிருக்கலாம்லா?"

"எவன் கேட்டான்? மேடம் எங்கிட்ட வெல மட்டுந்தான் கேப்பாங்க."

அது உண்மைதான். நான் ஏரிக்கரைப் பக்கம் திரும்பினேன். பிறகு கேட்டேன். "ஏரி நிறைய தண்ணி இருக்கே. இந்த வயலுக்கு அது எப்படி வந்துக்கிட்டு இருந்தது?"

கண்ணப்பன் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். வேறு பக்கம் பார்த்தார்.

"நான்தான் வுட்டுகினு இருந்தேன்," என்றார்.

கம்பெனிகள் வருவதற்கு முன்னால் அந்த ஊர் ஏரி மதகைத் திறந்து, வயல் வயலாக முறைவைத்துத் தண்ணீர் பாய்ச்சும் வேலை அவருடையது. அறுப்பில் ஒவ்வொரு வயலிலிருந்தும் அவருக்குக் கதிர்க்கட்டு வரும். நிலம் வாங்க ஆட்கள் வரத் தொடங்கியபோது, இது யார் வயல், எல்லை எது, யார் விற்பார் என்றெல்லாம் கேட்க வேறு ஆளில்லை. தண்ணீர் பாய்ச்சியவர் தரகரானார். இதை அவர் வருத்தமாகச் சொல்லவில்லை. மழையிலும் பனியிலும் மண்வெட்டியோடு திரிந்ததைவிட இது மேல் என்றுதான் சொன்னார்.

"கால்வாய் எங்க?"

அவர் கை நீட்டினார். என் வயலுக்கு மேற்கே, கொடிகளும் மஞ்சள் கற்களுமாக ஒரு மனைப்பிரிவு. வாசலில் வளைவு. அதில் 'கங்கா நகர்' என்று எழுதியிருந்தது. கங்கா அவர் மகள்.

"அந்தாண்ட வரைக்கும் வாய்க்கா அப்படியேதான் கீது. நடுவுல நம்ம முப்பதடி ரோட்டுக்கு அடியில போவுது." குரல் தணிந்தது. "யாரும் பயிர் வைக்கலியே மேடம். மூடினா யாருக்கு நஷ்டம்னு கிராவல் அடிச்சுட்டேன்."

"ரோட்டை வெட்டணும்."

"நல்லாக் கீதே! பொங்கலுக்கு மனை பார்க்க பார்ட்டிங்க வராங்க. ரோட்டக் காட்டித்தான் நான் விக்கறதே. ரோட்டுல பள்ளம் இருந்தா எவன் அட்வான்ஸ் குடுப்பான்?"

"பயிர் போனா வரி. வரி கட்டினா எனக்கு அந்த நிலமும் இல்ல, முன்பணமும் இல்ல. அப்புறம் இதை விக்க எனக்கு அவசரமே இருக்காது."

அவருக்குப் புரிந்தது. என் விற்பனையில் அவருக்குக் கமிஷன் இருந்தது. ஆனாலும் அது மட்டும்தானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் வயலுக்குள் இறங்கி, வெடிப்பில் விரலை விட்டுப் பார்த்தார். கைக்கு வந்த ஒரு கதிரை மெல்லத் தூக்கி விட்டுவிட்டார்.

"ஷிப்டு எத்தனை மணிக்குடா முடியும் உனுக்கு?" என்றார் இசக்கியிடம்.

மறுநாள் விடிந்து வெயில் ஏறும் நேரத்தில் லைன் வீட்டிலிருந்து ஏழெட்டுப் பேர் வந்துவிட்டார்கள். கண்ணப்பன் வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தன் மகள் பெயர் எழுதிய வளைவுக்குக் கீழே போய், சாலையின் ஓரிடத்தில் காலால் கோடு கிழித்தார். அளவு நாடா இல்லை. அந்த இடத்தில் வெட்டினார்கள். கிராவலுக்கு அடியில், இரண்டு கரையும் சாயாமல், கறுத்த மண்ணோடு கால்வாய் இருந்தது.

"கோடு சரியாத்தான் போட்டிருக்கீரு," என்றான் இசக்கி.

"மூடினவனுக்குத் தெரியாதா?" என்றார் கண்ணப்பன். யாரும் சிரிக்கவில்லை.

பிறகு அவர் என்ஜின் ஆயில் டப்பாவோடு ஏரிக்கரைக்குப் போனார். நாங்கள் வெட்டிய இடத்தில் காத்திருந்தோம். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. தொழிற்சாலையின் சத்தம் மட்டும் ஒரே சுருதியில் கேட்டுக்கொண்டிருந்தது. துருப்பிடித்த மதகு திறந்திருக்காது என்று நினைத்தேன்.

முதலில் வந்தவை எறும்புகள். கால்வாயின் அடியிலிருந்து கரைமேல் சாரை சாரையாக ஏறின, வாயில் வெள்ளை முட்டைகளோடு. பிறகு ஒரு தவளை. அதற்குப் பின்னால், சருகையும் நுரையையும் ஒரு பிளாஸ்டிக் டீ கப்பையும் தள்ளிக்கொண்டு தண்ணீர் வந்தது. நான் எதிர்பார்த்த வேகமில்லை. குழி வந்த இடத்தில் நின்றது. குழியை நிரப்பியது. நிரம்பியபின் நகர்ந்தது. மஞ்சள் கல் ஒன்று குறுக்கே நின்றது. அதைச் சுற்றிக்கொண்டு போனது. வெட்டிய சாலையின் நடுவே வந்தபோது ஒரு கணம் பின்வாங்கியதுபோல் இருந்தது. பின்னாலிருந்து வந்த தண்ணீர் சேர்ந்ததும் அந்தப் பக்கம் இறங்கிவிட்டது.

அதனோடு நடந்தோம். அது எங்களைவிட மெதுவாக வந்ததால் நின்று நின்று நடந்தோம். என் வயலின் மேற்கு மூலையில், நான் வரைபடத்தில் கூர்மை என்று மட்டும் அறிந்திருந்த மூலையில், வரப்பில் ஒரு சிறு தாழ்வு இருந்தது. தண்ணீர் நேராக அங்கே போய் உள்ளே நுழைந்தது. அந்த மூலை ஏன் அப்படி இருந்தது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

வயலுக்குள் போன தண்ணீர் கண்ணுக்குத் தெரியவில்லை. வெடிப்புகள் அதைக் குடித்தன. காற்று குமிழ்விடும் சத்தம் தரை முழுவதுமிருந்து எழுந்தது, ஒரு பெரிய உயிர் தூக்கத்தில் மூச்சை மாற்றுவதுபோல. தண்ணீர் எதுவரை வந்திருக்கிறது என்பதைப் பயிர்தான் காட்டியது. அடியிலிருந்த பூச்சிகள் தாளில் ஏற ஏற, அந்த இடம் மட்டும் லேசாக ஆடியது. அந்த ஆட்டம் மேற்கிலிருந்து கிழக்காக, காற்றே இல்லாத காலையில், கோடுபோல நகர்ந்துகொண்டே வந்தது. எங்கிருந்தோ கொக்குகள் வந்து இறங்கின. அவற்றுக்கு யார் சொன்னார்கள்? அந்த வயலில் ஐந்து வருடமாக ஒரு கொக்கை நான் பார்த்ததில்லை.

சாலையில் கம்பெனிப் பேருந்து ஒன்று நின்றிருந்தது. ஜன்னல் எல்லாவற்றிலும் முகங்கள். ஓட்டுநர் ஹாரன் அடிக்கவில்லை.

மதகிலிருந்து திரும்பிய கண்ணப்பன் எங்களோடு வந்து நின்றார். முழங்கால்வரை சேறு, கையில் எண்ணெய்க் கறை. வெகுநேரம் கழித்து, யாரிடமும் இல்லாமல், "வந்துட்ச்சு," என்று மட்டும் சொன்னார்.

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு எழிலரசி வந்தார். ஒரு மணியைப் பிடுங்கி நகத்தால் அழுத்தினார். வெண்மையாக ஒரு துளி வந்து நகத்தின்மேல் நின்றது. அதைப் பார்த்தபடியே இருந்தார். பிறகு நாலு வரப்பையும் நடந்து முடித்துவிட்டுப் பதிவேட்டைத் திறந்தார்.

"பயிர் நெல். பாசனம் எதுலேர்ந்து?"

நான் கண்ணப்பனைப் பார்த்தேன்.

"ஏரிம்மா," என்றார் அவர்.

எழிலரசியின் பேனா நின்றது. "இந்த ஊர்ல அந்தக் கட்டத்துல இதுவரைக்கும் நான் எதுவும் எழுதினதில்ல," என்றார். பிறகு எழுதினார்.

தை நடுவில் அறுத்தார்கள். நெல் லைன் வீட்டு அறைகளுக்குப் போயிற்று. கட்டிலுக்கடியில் மூட்டைகளை வைத்துக்கொண்டு மேலே படுத்துத் தூங்கினார்கள். அடங்கல் நகலைச் சங்கரநாராயணனிடம் கொடுத்தேன்.

"நெல்லா?"

"நெல்தான் சார்."

"நிஜமாவே விளைஞ்சுதா?"

தலையசைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். வழக்கமாக நான்தான் பேசாமல் உட்கார்ந்திருப்பேன். அன்று அவர் உட்கார்ந்திருந்தார்.

"இனி உங்க பணத்த யாரும் தொட முடியாது," என்றார் கடைசியில்.

தை முடிய மூன்று நாள் இருக்கையில் பத்திரம் பதிவானது. வாலாஜாபாத் சாலை நிலத்துக்கு மீதியை அன்றே கட்டினேன். மாலையில் வாங்கியவருக்கு எல்லைக் கல்லைக் காட்டிக் கொடுக்க வேண்டியிருந்ததால் கண்ணப்பனோடு போனேன். கங்கா நகர் சாலையில் பள்ளத்தை அவர் மூடியிருந்தார். ஆனால் அடியில் சிமெண்ட் குழாய் பதித்திருந்தார்.

"எதுக்கு?" என்றேன். "இனிமே யார் பயிர் வைக்கப்போறாங்க?"

"மனை வாங்கறவங்க கேட்டா மழைத்தண்ணி போறதுக்குன்னு சொல்லிக்கலாம்," என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

வாங்கியவர் காரிலிருந்து இறங்கி வரப்பில் நின்றார். "நாளைக்கு மண்ணு லாரி வருது மேடம். அறுத்த வயல்னு சொன்னீங்களே?"

அறுத்த வயல்தான். இரண்டு வாரம் முன்பு கட்டையாக விட்டுப்போன தாள்கள், ஈரம் மிச்சமிருந்த மண்ணில், ஒவ்வொன்றிலும் இரண்டு விரல் உயரத்துக்குப் புதிதாகத் துளிர்த்திருந்தன. அடங்கல் எழுதியாயிற்று. சட்டத்துக்கோ, எனக்கோ, இசக்கிக்கோ இந்தப் பச்சை தேவையில்லை. ஒன்றரை ஏக்கரும் அது நிறைந்திருந்தது.

"மேடம், கல்லு எங்க?" என்றார் அவர்.

என்னால் உடனே பேச முடியவில்லை. கண்ணப்பனும் பேசவில்லை. வாங்கியவர் காத்திருந்தார்.